கடைசி ரீல் வராத படம்

1.
இந்தக் கதைக்கு என் மைத்துனன்தான் காரணம். குறைகளை அவனிடமே சொல்லுங்கள். கடைவீதியில் அவன் சோபா விற்கும் கட்டடம் ஒரு காலத்தில் ஊரின் முதல் சினிமா தியேட்டர். "வாசல்ல மாட்டணும் மாமா. தியேட்டரோட வரலாற அரைப் பக்கம் எழுதிக் கொடுங்க" என்றான்.

'கலையும் வணிகமும் கைகோத்த அந்தப் பொற்காலத்தில்—'

வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

2.
அவன் தாத்தாதான் முதலாளி. படங்கள் பேசாத காலம். திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை உரக்கச் சொல்ல ஒருவர் இருந்தார். பட்டப்பெயர் வெண்கலத் தொண்டை. பெண்கள் வாசலில் டிக்கெட் கிழித்தவள் முதலாளியின் தங்கை. (முதலில் 'பேரழகி' என்று எழுதியிருந்தேன். "எங்க வீட்டு ஜாடையப் பார்த்துமா மாமா?" என்றான் மைத்துனன். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.)

3.
ஒரு மாலைக் காட்சி. படத்தில் கணவன் சந்தேகப்பட்டு மனைவியைத் துரத்திவிடுகிறான். அவள் ரயில் ஏறப்போகும் நேரம் ஓடிவந்து கையை நீட்டுகிறான்—

திரை வெளுத்துவிட்டது. கடைசி ரீல் பெட்டிக்குள் ஏதோ மல்யுத்தப் படம் இருந்தது.

பெஞ்சுகள் உருண்டன. "ஏதாவது சொல்லி முடிங்கய்யா!" என்று முதலாளி கெஞ்சினார்.

"படமே இல்லாம என்னத்தச் சொல்ல? அடி வாங்க என் உடம்பு தாங்காது" என்ற வெண்கலத் தொண்டை, பக்கக் கதவு வழியாக நடையைக் கட்டினார்.

தங்கை போய் வெள்ளைத் திரை முன்னால் நின்றாள். (அவள் மனதில் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதினேன். எனக்கெப்படித் தெரியும்? நீக்கிவிட்டேன்.)

"உட்காருங்க. அவ இன்னும் வண்டி ஏறல" என்றாள்.

உட்கார்ந்தார்கள்.

அவள் சொன்ன கதையில், மனைவி அந்தக் கையைத் தொடவில்லை. "வழிய விடுங்க, நேரமாச்சு" என்று ஏறிப் போய்விட்டாள். பெண்கள் பக்கம் எழுந்த ஆரவாரத்தில் ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

4.
குடும்ப மானம் போச்சென்று அண்ணன் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் நிஜ ரீல் வந்தது. அதில் மனைவி அழுது, காலில் விழுந்து, வீடு திரும்பினாள்.

"இது பொய்! அந்த அக்காவக் கூப்பிடு!" என்று பெண்கள் பக்கம் கூச்சல்.

அண்ணன் பெண்கள் வாசலுக்கு வந்தார். "போய்ச் சொல்லித் தொலை."

"தொலைன்னா சொல்ல மாட்டேன். கேக்கற மாதிரி கேளுண்ணா."

(இங்கே அண்ணனைக் கொஞ்சம் கோபப்பட வைக்கலாமா என்று யோசித்தேன். உள்ளே பெஞ்சுகள் மறுபடி உருண்டுகொண்டிருந்தன. அவருக்கு நேரமில்லை.)

"வந்து சொல்லும்மா" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

பேசும் படம் வரும்வரை அங்கே அவள்தான் கதை சொன்னாள்.

5.
மைத்துனன் படித்தான். "எல்லாம் சரி மாமா. அந்தப் பொண்ணு ரயிலேறி எங்க போனா?"

காட்சிக்குக் காட்சி தங்கை வேறு வேறு ஊர் சொன்னாளாம். நானும் முயன்றேன். ஒன்றில் டீச்சராக்கினேன், பிரம்போடு நின்றாள், பிடிக்கவில்லை. இன்னொன்றில் கணவன் அடுத்த பெட்டியில் ஏறி— சே, அவனை எதற்கு?

வண்டி கிளம்பிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். எதிர் இருக்கை காலி. நீங்களே போய்க் கேளுங்கள். என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள்.