தொட்டி நின்ற இடம்

ரப்பர் குழாயின் ஒரு முனையை மீன்தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான் சேவியர். தண்ணீர் வந்ததும் துப்பிவிட்டு முனையை வாளிக்குள் போட்டான். வாளி நிறைகிற சத்தத்தைத் தவிர கூடத்தில் வேறு சத்தமில்லை.

பிலோமினா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிகாலையில் ஆஸ்பத்திரியில் அவள் கணவர் அமிர்தராஜ் கண்ணை மூடியிருந்தார். இப்போது உள்ளறைக் கட்டிலில் கிடக்கிறார். உடலை வைக்க ஃப்ரீசர் பெட்டி வரப்போகிறது. பாதிக் கூடத்தை அவருடைய மீன்தொட்டி அடைத்திருந்தது.

“மீனையெல்லாம் எதுலம்மா விட?”

“பெரிய அண்டாவுல விடு. தொட்டித் தண்ணியவே ஊத்து. புதுத் தண்ணி ஆகாதும்பாக.”

பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி, தொட்டியின் மேல்மூடியை இரண்டு கையாலும் தூக்கிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனாள். அதை அமிர்தராஜ் ‘டாப்பு’ என்றுதான் சொல்வார். முன்பக்கம் சரிவாக, உள்ளே பல்பு வைத்து, இரை போட ஒரு சின்னக் கதவுடன் இருக்கும். ஜீப் ஓட்டியவருக்கு மூடி என்றால் டாப்புதான்.

பாதி ஆயுள் அவர் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போனார். தோட்டத்து மலையாளி மேனேஜரின் பங்களாவில் ஒரு மீன்தொட்டி இருந்தது. கணக்கு முடித்துக் கையெழுத்து வாங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து சோறு தின்கிறபோது சொல்வார்.

“ஒரு மீனு என்னையே பாத்துக்கிட்டு இருக்கு பிலோமி.”

“அதுக்கு வேற வேலை இல்ல. உங்களுக்குமா இல்ல?”

சர்க்கரை ஏறி ஒரு கண் மங்கியதும் டாக்டர் வண்டியைத் தொடக்கூடாது என்றுவிட்டார். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். கேட்டால் பதில் சொல்வார். தானாக ஒன்றும் பேசமாட்டார். அப்படியே ஒரு மழைக்காலம் போனது. பிறகு ஒருநாள் தோட்டத்திலிருந்து ஒரு மினிலாரி வந்து, காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் மரத்தின் பலகைகளை வாசலில் இறக்கியது. தொட்டியைத் தேனியில் வாங்கிவிட்டாராம். ஸ்டாண்டைத் தானே செய்யப்போகிறாராம்.

“இரும்பு ஸ்டாண்டு ஆன்லைன்லயே வருதுப்பா. நான் அனுப்புறேன்” என்று சேவியர் திருப்பூரிலிருந்து போனில் சொன்னான். அவர் சரி சரி என்று வைத்துவிட்டார்.

அதற்குமுன் ரம்பத்தைப் பிடித்தவரில்லை. முதலில் செய்தது ஆடியது. ஒரு காலை அறுத்தார், மறுபக்கம் ஆடியது. அதையும் அறுத்தார். அறுக்க அறுக்க அது குட்டையாகிக்கொண்டே வந்தது.

“கடைசில எனக்கு ஒரு மணைப்பலகை கெடைக்கும் போலருக்கு” என்றாள் பிலோமினா. வெகுநாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்ததைச் செய்யும்போது எதையும் நம்பவில்லை. வெளியே மழை என்பதால் கூடத்திலேயே கடை விரித்தார். தடித்த கால்கள், காலுக்குக் கால் குறுக்குக்கட்டை, கோந்து தடவி நீள நீள ஆணிகள். தொட்டிக்குத் தேவையானதைவிட ரொம்ப நீளமாக வந்துவிட்டது.

“கொண்டை ஊசி வளைவுல குலுக்குனாலும் அசையக் கூடாது.”

“நம்ம கூடத்துல வளைவு எங்கன இருக்கு?”

அவர் பாண்டீஸ்வரியைக் கூப்பிடச் சொன்னார். தண்ணீர் நிறைந்தால் பயங்கரக் கனம் வரும், பலம் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரையும் ஸ்டாண்டு மேல் ஏற்றி உட்காரவைத்தார். நடுவயது தாண்டிய இரண்டு பெண்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போலக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் தரையில் படுத்து ஒவ்வொரு காலிலும் காதை வைத்துக் கேட்டார்.

“சிரிக்காதீக. மரத்துச் சத்தம் கேக்க மாட்டேங்குது.”

வாசலில் வண்டி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் ஃப்ரீசர் பெட்டியைத் தூக்கிவந்து நடையில் வைத்தார்கள்.

“பெட்டியோட ஸ்டாண்டு இன்னொரு கேதத்து வீட்ல மாட்டிக்கிச்சு சார். பெஞ்சு எதுவும் கெடைக்குமா?” என்று மூத்தவன் சேவியரிடம் கேட்டான்.

“பாப்போம். மொதல்ல இதை வெளியே எடுக்கணும். ஒரு கை பிடிங்க.”

காலித் தொட்டியை இறக்கிவிட்டு மூன்று பேரும் மர ஸ்டாண்டைத் தூக்கினார்கள். வாசலில் அது நுழையவில்லை. சாய்த்தார்கள், திருப்பினார்கள். கொல்லைக் கதவிலும் போகவில்லை. திரும்பக் கொண்டுவந்து சுவரோரம் வைத்துவிட்டு சேவியர் மூச்சு வாங்கினான்.

“உள்ள வச்சே செஞ்சிருக்காரு. அறுத்துத்தான் எடுக்கணும். தெருக்கோடில சுருளிராஜன் அண்ணங்கிட்ட ரம்பம் இருக்கும்.”

“அறுக்க வேணாம்” என்றாள் பிலோமினா. காலையிலிருந்து இவ்வளவு உரக்க அவள் பேசவில்லை. “பெட்டிய அது மேலயே வைங்க.”

பெட்டிக்காரன் தயங்கினான். “தாங்குமாம்மா? ஆளையும் வச்சா கனம் ரொம்ப வரும்.”

“தாங்கும்” என்றாள் பாண்டீஸ்வரி சட்டென்று. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிலோமினா அவள் பக்கம் திரும்பவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

பெட்டியை ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் ஓரளவு நீட்டிக்கொண்டு நின்றது. பிறகு அமிர்தராஜைத் தூக்கிவந்து உள்ளே கிடத்தினார்கள். பெட்டிக்காரன் ஓரத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தான்.

“கிண்ணுன்னு இருக்கு. எந்த ஆசாரி?”

“எங்கப்பா” என்றான் சேவியர். அப்புறம் குனிந்து குறுக்குக்கட்டையைத் தடவியவன் நிமிர நேரமானது.

சர்ச்சிலிருந்து சாமியார் சாயங்காலம் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். கடமலைக்குண்டிலிருந்து சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். யாரோ பிலோமினாவுக்கு நாற்காலி போட்டார்கள். மற்ற சாவு வீடுகளைப் போல இங்கே குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்தால் அவர் முகம் அவள் முகத்துக்கு நேராக, பக்கவாட்டில் தெரிந்தது. அடர்ந்த புருவம், மூக்கு, மழிக்காத தாடை. கல்யாணமான புதிதில் மலைக்குக் கூட்டிப்போனபோது, வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து இப்படித்தான் பார்த்துக்கொண்டு போனாள். ரோட்டைப் பார் என்று அவர் சொன்னார்.

பெட்டியின் கண்ணாடியில் நீராவி படிந்து முகம் மங்கிக்கொண்டு வந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தாள்.