மீதிப் பாதி

மாடி அறையில் ஆங்கில வகுப்பு நடத்தும் டீச்சருக்கு இரண்டு பிடிவாதங்கள். உதாரண வாக்கியம் அவரவர் வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும். நன்றாக வந்துவிட்டால், அதை அவளே தமிழில் உரக்கச் சொல்வாள், கடைசி நாற்காலிக்கும் விளங்கும்படி.

அன்று ‘வைல்’, ‘வித்’ என்ற ஆங்கிலச் சொற்களைப் போட்டு ஒரு செயலை இன்னொன்றின் முதுகில் ஏற்றும் பாடம்.

“மனைவி முறைத்துக்கொண்டிருக்க, டிரைவர் தட்டுக் கழுவினார்!” என்று, மாணவர்களில் ஒருவரான டிரைவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் முழங்கினாள்.

“யாரண்ணே முறைச்சது, தட்டா அண்ணியா?” என்றாள் பக்கத்து நாற்காலி நர்ஸ்.

“தட்டு முறைச்சா தாங்கிக்கலாம்மா,” என்றார் டிரைவர்.

எல்லோரும் சிரித்தார்கள், கடைசி நாற்காலியில் இருந்த தையற்காரியைத் தவிர. கடைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று கணவன்தான் அவளைச் சேர்த்துவிட்டான். ஆங்கிலம் ஒரு சொல்கூட அறியாதவன். வகுப்பு முடியும்வரை சீட்டியடித்தபடி படிக்கட்டில் காத்திருப்பான்.

வாயே திறக்காத தையற்காரி அன்று தானாக எழுந்தாள். டீச்சரை விட்டுக் கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள்.

“பிரமாதம்! சீட்டியடித்துக்கொண்டே அவர் கதவைப் பூட்டுகிறார்!” டீச்சரின் குரல் அறையை நிறைத்தது. “‘வித்’ போட்டு ஒண்ணு?”

தையற்காரியின் முகம் வெளிறியது. இருந்தும் சொன்னாள்.

“கட்டிலுக்கடியில் பெட்ரோல் கேன் இருக்க, சாவி அவர் பையில் இருக்க...” என்று தமிழாக்கிய டீச்சர் நிமிர்ந்தாள். “வாக்கியம் தொங்குதேம்மா. மீதிப் பாதி எங்க?”

“அது இன்னும் நடக்கல மிஸ்.” இதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

டீச்சரின் வாய் பழக்கத்தில் திறந்தது, அப்படியே நின்றது. இலக்கணத்தைக் கேட்ட காது இப்போதுதான் பெண்ணைக் கேட்டது. கணவனுக்குப் புரியாத மொழியில் அவள் பொத்திக்கொண்டு வந்ததையெல்லாம், தானே தமிழாக்கி ஊருக்குச் சொல்லிவிட்டாள்.

படிக்கட்டில் சீட்டிச் சத்தம் நின்றிருந்தது.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. “வகுப்பு முடிஞ்சுதுங்களா மிஸ்?” தேன் ஒழுகும் குரல்.

“இல்ல.” டீச்சர் தையற்காரியின் கையைப் பற்றிக்கொண்டாள். “அவ இன்னைக்கு உங்ககூட வரமாட்டா.”

டிரைவர் எழுந்து கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றார். நர்ஸ் போனை எடுத்தாள்.

வெளியே காலடிச் சத்தம் இறங்கிப் போகவில்லை. சீட்டி மறுபடி தொடங்கியது; கூடவே, வெளித்தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது.