பத்துச் செக்கன்

நஸ்ரியின் லெப்டொப்பில் பற்றரி செத்து இரண்டு வருடம். இப்போது விண்டோஸுக்கும் வயது போய்விட்டதாம். பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்பு இல்லை, புதியதை ஏற்ற இந்த மெஷினுக்குத் தகுதி இல்லை என்று திரையே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது.

கூடப் படிக்கும் சுகிர்தன், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் போட்ட பென் ட்ரைவ் ஒன்றைக் கொடுத்தான். "உடனே மாற வேண்டாம் மச்சான். இதைச் செருகி ஓட்டிப் பார். பிடிச்சா 'நிறுவு' எண்டதை அமத்து."

நஸ்ரி பதினேழு நாள் ஓட்டிப் பார்த்தான். பிடித்தது. அழுத்தத்தான் கை வரவில்லை. விண்டோஸை விட்டுவிடுவதென்று காலையில் எழும்புவான். உட்துறைமுகம் வரை நடந்து, சீமெந்துக் கப்பலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள், நாலு வருடம் பழகியதை எப்படி விடுவது என்று ஆகிவிடும். ஊருக்குள் மாடுகள் போலத் திரியும் மான்களில், வீதியில் படுத்திருந்த ஒன்று அவனுக்காக இரண்டு தடவை எழும்பி வழிவிட்டது. மூன்றாம் தடவை எழும்பவில்லை.

லினக்ஸ் ஒவ்வொரு நாளும் வைஃபை கடவுச்சொல்லைப் புதிதாகக் கேட்டது. மரியாதை தெரிந்த சிஸ்டம் என்று நினைத்துக்கொண்டான்.

குச்சவெளிப் படகுகள் பற்றிய குழு அறிக்கையில் மூன்றாம் அத்தியாயம் நஸ்ரியினுடையது. குழுத்தலைவி ஜெஸ்மின் சொல்லியிருந்தாள்: "வியாழன் மூண்டு மணிக்குள்ள வரல்லெண்டா முன்பக்கத்தில உங்கட பேர் வராது."

வியாழன் பதினொரு மணிக்கு லினக்ஸில் அத்தியாயத்தை முடித்து, சேமித்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனான். திரும்பி வந்தபோது தங்கை அசனா லெப்டொப் வயரைக் கழற்றிவிட்டு, அந்தப் பிளக்கில் அயன் பெட்டியைச் செருகி அபாயாவை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"சும்மாதானே நானா கிடந்திச்சு."

மறுபடி போட்டான். திரை பிறந்த பிள்ளையைப் போல ஒன்றும் அறியாமல் விழித்தது. சுகிர்தனுக்குக் கோல் எடுத்தான்.

"ஓட்டிப் பாக்கத்தானே தந்தனான். நிப்பாட்டினா அதில ஒண்டும் நிக்காது. முதல் நாளே சொன்னனான். பதினேழு நாளா என்ன செய்தனி?"

"யோசிச்சன்."

உண்மையில் யூடியூப் பார்த்தான். அதில் சேமிக்க ஒன்றும் இருக்கவில்லை.

மூன்று மணிக்கு இன்னும் மூன்றேமுக்கால் மணித்தியாலம். 'நிறுவு' என்பதை அழுத்தினான். விண்டோஸை அழித்துவிட்டா, அதன் பக்கத்திலேயா என்று அது கேட்டது. பக்கத்திலும் இருக்கலாம் என்று இதுவரை யாருமே சொல்லவில்லையே. பக்கத்தில் என்றான். அரை மணித்தியாலம் அதில் போனது. மீதியில் ஞாபகத்திலிருந்து எழுத, பதினாலு பக்கம் ஒன்பதாகியது. மூன்றுக்கு எட்டு நிமிடம் இருக்க அனுப்பினான்.

ஜெஸ்மின் கோல் எடுத்தாள். அவனுடைய பதினேழு நாள் இழுபறி குழு முழுக்கத் தெரிந்ததுதான். "கிடைச்சிட்டு. பேர் போட்டிருக்கன். கடைசியா நீங்க எதுக்கு மாறினீங்க?"

"ரெண்டுக்கும்."

"அடுத்த முறை வேற குழு பாருங்க நஸ்ரி."

மறுநாள் காலை லெப்டொப்பைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. எது வேண்டும், பத்துச் செக்கனுக்குள் சொல் என்றது. நஸ்ரி கதிரையிலிருந்து எழும்பினான். மறுபடி இருந்தான். ஏழு. ஆறு. உட்துறைமுகம் வரை ஒரு நடை போய்வர நேரம் காணாது.