ரைட்டர் கொடுத்த லேப்டாப்

பென்டிரைவைச் செருகி, பிஸ்மி சொல்லிப் பொத்தானை அழுத்தினாள் நஸ்ரின். எஸ்டேட் ஆபீசில் பதினோரு வருஷம் அவள் தட்டித் தேய்த்த லேப்டாப். விண்டோஸ் எழுந்து உட்காருவதற்குள் டீ ஆறிவிடும். இந்தக் கிழட்டு மெஷினுக்கு லினக்ஸ்தான் சரி என்று யூடியூபில் பார்த்து அந்தப் பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தாள். இது ஓடினால்தான் கிளியூர் ரோட்டில் பிடித்திருக்கிற இந்த அறையில், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் கடையைத் திறக்க முடியும்.

கொடுத்தவர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மனுவேல். பெரிய மனசு என்று நினைத்துவிட வேண்டாம். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து அளவு சொல்வது அவர் வேலை, கம்ப்யூட்டரில் ஏற்றுவது இவள் வேலை. புல்லில் ஏறும் அட்டைப்பூச்சிக்குப் பயந்த மனுஷர் ஜன்னலோரம் நின்றே மழையை அளந்தார். ஒருநாள் முதலாளி போய்ப் பார்த்தால் மழைமானிக்குள் ஜாடி உடைந்து எறும்பு குடியிருக்கிறது. "அந்தப் புள்ளதானுங்க மனசுக்கு வந்ததைத் தட்டியிருக்குது" என்றார் மனுவேல், கூசாமல். அந்த வாரமே நஸ்ரினுக்கு வேலை போயிற்று. "சும்மா அனுப்ப வேண்டாம், இந்தக் கட்டை லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போகட்டும்" என்று அவர் சொன்னபோது ஆபீசே சிரித்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே ஓடியது. பழைய டிஸ்க்கும் திறந்தது. உள்ளே 'தேவகுமாரி' என்று ஒரு ஃபோல்டர். மனுவேலின் மனைவி, போன மழைக்காலத்தில் இறந்துபோனவர். சர்ச் பாடகர் குழுவுக்காக அவர் பாடியதை ஆபீசில் வைத்துப் பதிவு செய்தவள் நஸ்ரின்தான். ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நிறுவும் பக்கத்துக்குப் போனாள். டிஸ்க் முழுவதையும் அழிக்கலாமா என்று திரை கேட்டது.

அப்போதுதான் குடையை மடக்கிக் கதவுக்கு உள்ளே சாய்த்துவிட்டு மனுவேல் வந்து நின்றார்.

"நல்லா இருக்கியா கண்ணு?"

பதினோரு வருஷமாக வாயில் வராத கண்ணு.

"சொல்லுங்க."

"உங்க தேவகுமாரியக்கா பாடுனது அந்த லேப்டாப்புல இருக்குதாமா. கொயர் மாஸ்டரு இப்பத்தான் சொன்னாரு. அவ குரலு வேற எங்கயுமில்ல சாமி. ஊடு பூராத் தேடிட்டேன்."

நஸ்ரின் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மழை எத்தனைன்னு தட்டச் சொன்னது யாருங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "இப்ப எதுக்கு அதெல்லாம்."

"காலையிலயே அழிச்சாச்சுங்க."

மனுவேல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு படியிறங்கி மூடுபனிக்குள் நடந்தார். அவளுக்கு இனித்தது. பொய்யில்லை, நொடிக்கு நொடி இனித்தது. இனிச் சொன்னதை மெய்யாக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன் ஒரே ஒரு முறை கேட்டுவிடலாம் என்று ஃபோல்டரைத் திறந்தாள்.

"நஸ்ரின் கண்ணு, பதிவாகுற செவப்பு லைட்டு எரியுதா?" தேவகுமாரியின் குரல்.

"எரியுதுங்கக்கா. பாடுங்க." நஸ்ரினுடைய பழைய குரலேதான். சிரித்துக்கொண்டு பேசியது.

பாட்டு தொடங்கியது. அழிக்கலாமா என்று திரை கேட்டபடியே நின்றது. மனுவேல் மறந்து விட்டுப்போன குடையிலிருந்து தண்ணீர் வழிந்து, மெல்ல அவள் காலடிக்கு வந்துகொண்டிருந்தது.