குணவதி நகர்த்திய வீடு

குணவதியின் மகள் செவ்வந்திக்குக் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்த அன்று, அவர்கள் வீடு எல்லையைத் தாண்ட இன்னும் ஏழு சாண் பாக்கி இருந்தது. சேர்வதற்குக் கடைசி நாளும் ஏழு நாள் கழித்துத்தான். குணவதியின் கணக்கு அப்படி. ஒரு நாள் முன்னே பின்னே ஆகாது.

சங்குமேட்டில் வீடு நகர்வது புதிதல்ல. சங்குமேடு ஒரு தனிப் பிரதேசம். மூன்று பக்கமும் பக்கத்து மாநிலம், ஒரு பக்கம் கடல். அங்கே அரசுக் கல்லூரி ஒன்றுதான். அதில் பட்டப்படிப்பும் ஒன்றுதான்: கலங்கரை விளக்கம். ஊரில் இருப்பதும் ஒரே ஒரு கலங்கரை விளக்கம். அதைப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் ஆயிரத்து நானூறு பேர். சாயங்காலம் முறைவைத்துப் போய் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார்கள்.

வேறு எதையாவது படிக்க ஆசைப்படுகிற பிள்ளை பக்கத்து மாநிலத்துக்குப் போகவேண்டும். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் குறைவில்லை. சொந்த மாநிலப் பிள்ளைகளுக்குக் கட்டணம் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு அது தகப்பனின் ஆயுசுக்குள் அடங்காது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் பிள்ளைக்கு முன்னால் வீட்டை அனுப்பிவிடுவார்கள். பணக்காரர்கள் கிரேன் வைத்துத் தூக்குவார்கள். மற்றவர்கள் பெருமூச்சு விட்டுப் பிள்ளையைக் கலங்கரை விளக்கத்தில் சேர்ப்பார்கள்.

குணவதி பணக்காரியும் இல்லை, பெருமூச்சு விடுகிற ஜாதியும் இல்லை. செவ்வந்தி ஏழாம் வகுப்பு முடித்த கோடையில், எதிர்வீட்டு ஆட்டுக்குப் பிரசவம் சிக்கலானது. குட்டி குறுக்கே கிடந்தது. பெரியவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது, செவ்வந்தி கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி உள்ளே விட்டுக் குட்டியைத் திருப்பி எடுத்தாள். எடுத்துவிட்டு, “நான் மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போறேன்மா” என்றாள். குணவதி சரி என்றாள். மறுநாள் மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டின் முன்சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வழியை அடைத்துப் படுத்திருக்கும் மாட்டை நகர்த்துவதுபோல, “ம், நகரு” என்றாள். வீடு ஒரு சாண் நகர்ந்தது.

ஐந்து வருடம் தினமும் இப்படி நடந்தது. காய்ச்சல் நாளிலும் நடந்தது. இப்படி ஒரு பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.

அவள் புருஷன் தணிகாசலம் பஸ் கண்டக்டர். அவருக்கு இது நான்காவது வருடத்தில்தான் தெரிந்தது. டிப்போவுக்கு நடக்கிற தூரம் வரவர அதிகமாகிக்கொண்டே வந்தது. காலில்தான் ஏதோ கோளாறு என்று டாக்டரிடம் போனார். டாக்டர் இரண்டு காலையும் அளந்து பார்த்தார்.

“காலு சரியா இருக்குங்க. தெருதான் வளந்திருக்கு.”

மாத்திரை எதுவும் எழுதவில்லை. தணிகாசலம் வீட்டுக்கு வந்து கேட்டார்.

“வீடு நகருதா?”

“நகருது.”

“யாரு நகத்துறா?”

“நான்தான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

“சொன்னா நானும் ஒரு கை குடுக்கறேன்னு வந்து வேகமா தள்ளிடுவீங்க. செவுரு விரிசல் விட்டுரும்.”

அவருக்குக் கோபம் வரவில்லை. பெருமையாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சோறு போடச் சொன்னார்.

ஒட்டுச்சுவர் என்பதால் பக்கத்து வீடும் கூடவே வந்துவிட்டது. அது அந்தோணிமுத்து வீடு. அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்குப் படிக்கிற வயதில் பிள்ளைகள் யாரும் இல்லை. அவருக்கு வரும் கடிதங்கள் பழைய இடத்துக்கே போய் வெறும் தரையில் கிடந்தன. அவரே தினமும் போய் எடுத்துவந்து, தன் வீட்டுக் கதவைத் தட்டி, தனக்குக் கொடுத்துக்கொண்டார். “பரவால்லம்மா, எனக்கும் பொழுது போவுது” என்றார் குணவதியிடம். நல்ல மனுஷன்.

கடைசி நாள் காலை பத்தரை மணிக்கு முன்சுவரும் எல்லைக்கல்லைத் தாண்டியது. பதினொரு மணிக்கு இருப்பிட ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். மடக்கு மேசை, மடக்கு நாற்காலி, முத்திரை, பதினொரு பேர் கொண்ட வரிசை ஆகியவற்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கூடத்தில் மேசையை விரித்தார். வரிசை மேசையின் முன்னால் போய் நின்றுகொண்டது. குணவதிக்குப் பன்னிரண்டாம் எண் டோக்கன் கொடுத்தார்.

“இது எங்க வீடு சார்” என்றார் தணிகாசலம்.

“அதத்தான விசாரிக்க வந்திருக்கேன்.”

பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக் கவுன்ட்டரை ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள். இருப்பிடச் சான்று இல்லாமல் போனால் வெளிமாநிலக் கட்டணம். வெளிமாநிலக் கட்டணம் என்றால் கலங்கரை விளக்கம். செவ்வந்தி உடுத்திக்கொண்டு, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் தணிகாசலத்தின் பஸ் நின்றது. கண்டக்டர் இல்லாமல் கிளம்பக் கூடாது என்பது விதி. பயணிகள் வேர்க்கடலை உரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

குணவதிக்கு முன்னால் நின்றவர் ஒரு கதவைத் தோளில் சுமந்துகொண்டிருந்தார். அவர் இருந்தது வாடகை வீடு. வீட்டுக்காரர் கதவை மட்டும்தான் விட்டுக்கொடுத்தாராம்.

“கதவு வீடாகாது” என்றார் ஆய்வாளர்.

“பூட்டிக் காட்டட்டுமா சார்?”

அவர் கூடத்தின் நடுவில் கதவை நிறுத்தி, அந்தப் பக்கம் போய்ப் பூட்டிக்கொண்டார். ஆய்வாளர் எழுந்து போய்த் தட்டினார். திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். “யாரு?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆய்வாளர் திரும்பி வந்து உட்கார்ந்து, “குடியிருக்கிறார்” என்று எழுதி முத்திரை குத்தினார். குணவதிக்குத் தெம்பு வந்தது.

அவள் முறை வந்தபோது மணி ஒன்றே முக்கால்.

“தூங்குறது எங்க?”

“இந்தக் கூடத்துலதான்.”

“எங்க வேணும்னாலும் தூங்கலாம். அது கணக்கில்ல. சண்டை எங்க போடுவீங்க?”

“அடுப்படியில.”

ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். அடுப்படி இந்த மாநிலத்தில்தான் இருந்தது. திருப்தியாகத் தலையசைத்தார்.

“பால் காய்ச்சியாச்சா?”

“இல்லீங்க. இப்பதான வீடு வந்து நின்னுச்சு.”

“காய்ச்சுங்க. பொங்கி வழியணும். வழிஞ்சாதான் குடிவந்ததா அர்த்தம். மூணு தடவ பாப்பேன்.”

புது வீடு என்றால் பால் காய்ச்சுவது எல்லாரும் செய்வதுதான். கூடத்தின் நடுவில் தரையில் அடுப்பை வைத்தார்கள். செவ்வந்தி அரை லிட்டர் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றினாள். குணவதி அடுப்பின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பால் கமகமவென்று மணம் பரப்பியது. ஓரத்தில் நுரை கட்டியது. ஆடை உப்பியது. விளிம்பு வரை எழும்பியது.

குணவதியின் கை போய் அடுப்பைக் குறைத்தது. பால் அடங்கிவிட்டது.

“ஒண்ணு” என்றார் ஆய்வாளர்.

“அம்மா!” என்றாள் செவ்வந்தி.

“தெரியாம கை போயிருச்சுடி.”

மறுபடி தீயைக் கூட்டினாள். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பால் எழும்பியது. இடது கை போய் அடுப்பைக் குறைத்தது.

“ரெண்டு.”

குணவதி தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். வேண்டுமென்றே செய்தாளா என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பதினேழு வருடமாக அந்த வீட்டில் ஒரு சொட்டுப் பால் வழிந்ததில்லை. வழிந்தால் பிள்ளையின் டம்ளரில் ஒரு விரற்கடை குறையும். பால் எழும்பும் சத்தம் கேட்டால், கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் வந்து அணைத்துவிடுவாள். தூக்கத்திலும் எழுந்து வந்து அணைத்திருக்கிறாள், பக்கத்து வீட்டு அடுப்பை. இப்படியே மிச்சம் பிடித்துத்தான் செவ்வந்தி வளர்ந்தாள். வீட்டையே நகர்த்திய கைகள் இந்த ஒரு காரியத்தில் அவள் பேச்சைக் கேட்க மறுத்தன.

“வேற யாராச்சும் காய்ச்சலாமா சார்?” என்றாள் செவ்வந்தி.

“யாரு வேணும்னாலும் காய்ச்சலாம். அம்மா அடுப்பெதிர்ல இருக்கணும். விண்ணப்பதாரர் அவங்க.”

“என்னங்க, என்னைக் கட்டிப் போடுங்க” என்றாள் குணவதி.

தணிகாசலம் கயிறு தேடினார். துணி காயப்போடும் கயிறு பழைய இடத்திலேயே கம்பத்தோடு நின்றுவிட்டிருந்தது. மணி இரண்டு இருபது. அவர் திரும்பி வந்தார். மனைவியைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். எதிரே நின்று, அவளுடைய இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று பிடித்ததுதான். அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் அவர் அவள் கையைப் பிடித்ததில்லை. அவர் கை படாத கை அந்த ஊரில் இல்லை. சில்லறை வாங்குகிற கை, டிக்கெட் வாங்குகிற கை, ஓடிவந்து ஏறுகிறவர்களை இழுத்துப் போடும்போது மணிக்கட்டு வரை தெரிந்த கை. இந்தக் கைதான் தெரியாமல் போயிருந்தது. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. செங்கல்லின் சொரசொரப்பு அப்படியே பதிந்திருந்தது.

“அழுத்திப் புடிச்சுக்குங்க” என்றாள் அவள்.

செவ்வந்தி தீயைக் கூட்டினாள். நுரை கட்டியது. ஆடை உப்பியது. குணவதியின் கைகள் துடித்தன. ஒரு கணம் அவரையும் சேர்த்து அடுப்புப் பக்கம் இழுத்தன. தணிகாசலம் விடவில்லை. பால் விளிம்பைத் தாண்டி, பாத்திரத்தின் வயிற்றில் வழிந்து, அடுப்பில் சொய்யென்று விழுந்து, தரைக்கு வந்தது.

“பொங்குச்சு” என்றார் ஆய்வாளர்.

ஆனால் அது அரை லிட்டரோடு நிற்கவில்லை. ஒரு லிட்டர் வந்தது. பத்து லிட்டர் வந்தது. பதினேழு வருடம் அவள் அடக்கி வைத்த பால் எல்லாம் அந்தச் சின்னப் பாத்திரத்திலிருந்து அமைதியாக வந்துகொண்டிருந்தது. தீயும் அணையவில்லை. கூடத்தில் கணுக்கால் அளவு நின்று, வாசற்படி தாண்டித் தெருவுக்குப் போனது. அந்தோணிமுத்து ஒரு குடத்தோடு வந்து, “எடுத்துக்கலாமாம்மா?” என்று கேட்டு எடுத்துக்கொண்டார். ஆய்வாளர் கால்களை நாற்காலியின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு சான்றிதழ் எழுதினார். முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்து, செவ்வந்தியிடம் நீட்டினார்.

“ஒரு நிபந்தனை. பால் பொங்குற வரைக்கும்தான் இது செல்லும். நின்னுச்சுன்னா வெளிமாநிலம்.”

“படிப்பு எத்தன வருஷம்?” என்று கேட்டாள் குணவதி.

“அஞ்சரை வருஷம்மா” என்றாள் செவ்வந்தி. “வேணாம்மா. நான் கலங்கரை விளக்கமே...”

“அஞ்சரைதான? போய்ச் சேருடி. மணியாவுது.”

செவ்வந்தி ஒரு டம்ளரை எடுத்து, வழிகிற பாலில் பிடித்தாள். டம்ளர் விளிம்பு வரை நிறைந்தது. நின்றபடியே முழுவதையும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, பாலில் சளப்பு சளப்பென்று நடந்து போய் பஸ் ஏறினாள். கண்டக்டர் இல்லாமல் பஸ் கிளம்பாது என்பதால், டிரைவர் பஸ்ஸைப் பின்னால் எடுத்து வீட்டு ஜன்னலோரம் நிறுத்தினார். தணிகாசலம் மனைவியின் கைகளை விடாமல் அங்கிருந்தபடியே, “போலாம், ரைட்!” என்று குரல் கொடுத்தார். குரல் கொஞ்சம் பிசிறியது. பஸ் கிளம்பியது. பின் கண்ணாடியில் செவ்வந்தியின் முகம் சிறியதாகிக்கொண்டே போனது.

ஆய்வாளர் மேசையையும் வரிசையையும் மடக்கி எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். பால் வழிந்துகொண்டிருந்தது. குணவதி தரையைப் பார்த்தாள். துடைக்கிற துணி எங்கே இருக்கிறது என்று அவள் கண் ஒருமுறை தேடியது. பிறகு தேடவில்லை.

“கால் கடுக்குதா?” என்று கேட்டார் தணிகாசலம்.

“உங்களுக்கு?”

“லேசா. கொஞ்சம் உக்காந்துக்கலாமா?”

குணவதி தரையிலிருந்த அடுப்பைப் பார்த்தாள். தூரத்தைக் கண்ணால் அளந்தாள்.

“உக்காந்தா எனக்குக் கை எட்டிரும்” என்றாள். “நில்லுங்க.”

அவர் நின்றார்.