புற்றுமண் போட்ட பெட்டி

பருத்திக் காட்டில் எத்தனை புழுவுக்கு மருந்து அடித்திருப்பேன். அப்படிப்பட்டவன், வாசல் நந்தியாவட்டையில் கிடந்த பச்சைப் புழுவைச் செருப்புப் பெட்டியில் போட்டு வளர்த்தேன் என்றால் எல்லாரும் சிரிப்பார்கள். விரல் தண்டி இருந்தது. தலைப்பக்கம் நீலமாக இரண்டு கண் போலப் புள்ளி. தினமும் புது இலை வைப்பேன். யாரையும் தொட விடமாட்டேன். மருமகள் பொன்மணியைச் சுத்தமாக அண்ட விடுவதில்லை. வீடெல்லாம் கொசு மருந்து அடிக்கிறவள் அவள்.

ஒரு காலையில் பார்த்தால் பச்சை போய்ப் புழு கறுத்திருந்தது. இலையைத் தொடவில்லை. பெட்டிக்குள் தறிகெட்டு ஓடியது. மருந்து பட்ட புழு அப்படித்தான் துடிக்கும். எனக்குத் தெரியாதா?

எதிர்த்த டீக்கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "என் மருமக புழுவுக்கு விஷம் வச்சிட்டா. இன்னைக்குப் புழுவுக்கு, நாளைக்கு எனக்கு!"

"புழுவுக்கா வே பஞ்சாயத்து? சும்மா இரும்" என்றார் கடைக்கார ரிபாயி. கடையே சிரித்தது. பொன்மணி எங்கள் வாசலில் நின்று எல்லாம் கேட்டாள்.

திரும்பி வந்தால் பெட்டி நிறைய மண். புழுவைக் காணோம்.

"கோயில் புற்றுமண்ணு மாமா. சீக்குக்கு நல்லதுன்னு போட்டேன்."

எங்கள் ஊரில் பூச்சிக்கடிக்கும் காய்ச்சலுக்கும் அந்த மண்ணைத்தான் பூசுவோம், வீட்டில் எப்போதும் ஒரு சட்டி இருக்கும். ஆனாலும் நான் நம்பவில்லை.

"கொன்னு எறிஞ்சிட்டு மண்ணப் போட்டு மூடுதியா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு புளியங்குடிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் இட்லிப் பொட்டலத்தை என் முன்னால் வைப்பான், முகம் பார்க்கமாட்டான்.

பெட்டியை எறிந்திருப்பேன். சாமி மண்ணைக் குப்பையில் கொட்டக் கை வரவில்லை. அது பாட்டுக்குக் கிடந்தது.

பிறகொரு காலையில் பெட்டியின் ஓரத்தில் பெரிய அந்துப்பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது. பட்டாளத்துக்காரன் சட்டை மாதிரிப் பச்சை இறக்கை. மண்ணில் வெடித்த கூடு. அன்றைக்குப் புழு சாகத் துடிக்கவில்லை, கூடாவதற்கு மண் தேடி ஓடியிருக்கிறது. அந்த மண்ணைப் போட்டவள் அவள்.

முகமெல்லாம் எரிந்தது. போன் போட்டேன்.

"யம்மா பொன்மணி, அது பூச்சியாயிட்டு."

"அப்ப நான் வச்ச விஷம் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு மாமா."

"வீட்டுக்கு வா, தாயி."

"டீக்கடையிலதான சொன்னிய? அங்கனயே போய்ச் சொல்லுங்க. நான் கேக்கணும். ஸ்பீக்கர்ல போடுங்க."

ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் போன். தெருவைத் தாண்டினேன். அதே ஆட்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கர் எது என்று எனக்குத் தெரியாது. ரிபாயிதான் அமுக்கிக் கொடுத்தார்.

"இன்னைக்கு யாரு வே விஷம் வச்சா?"

பூச்சி எழும்பிக் கடைக் கூரையில் போய் ஒட்டியது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தச் சாக்கில் முணுமுணுத்தேன்.

"நான் சொன்னது பொய்."

"கேக்கல மாமா" என்றது போன். "அன்னைக்குப் போட்ட சத்தத்துல சொல்லுங்க."

கூரையிலிருந்து எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. சத்தமாகச் சொன்னேன்.