வென்டல் ஷ்ரோடரின் கையெழுத்து

வென்டல் ஷ்ரோடரைச் சுழற்காற்று தூக்கிக்கொண்டு போனது 1989 மே மாதக் கடைசியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அவர் படுத்திருந்த சாய்வு நாற்காலியோடு சேர்த்துத் தூக்கியது. வீட்டில் வேறு எதையும் தொடவில்லை. கழற்றிய கூரையைக்கூட இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனது. அடுத்த வருடத்திலிருந்து அந்தக் காற்று தவறாமல் அதே வாரத்தில் கொலராடோ எல்லையருகே இறங்கி, கன்சாஸில் எங்கள் மாவட்டத்தைக் கோணலாகக் கடந்து, பொழுது சாய்வதற்குள் நெப்ராஸ்காவுக்குள் போய்விடும். தரையிலிருந்து முப்பதடி உயரத்தில் வென்டல் நாற்காலியில் கால் நீட்டியபடி சுற்றிக்கொண்டிருப்பார். தெரிந்தவர்களைப் பார்த்தால் கை காட்டுவார். மேற்கே மழை எப்படி என்று யாராவது கேட்டால், ஒரு சுற்றில் கேள்வியை வாங்கிக்கொண்டு அடுத்த சுற்றில் பதில் சொல்வார். வானொலியைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும் என்று கோதுமை போட்டவர்கள் நம்பினார்கள்.

அவர் மனைவி ஆர்டித் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தார். முதல் சில வருடங்கள் காற்று வரும் நாளில் சன்னலை மூடிக்கொண்டு துணி தேய்த்தார். பிறகு அந்த நாளிலும் வேலைக்குப் போனார். பள்ளிப் பேருந்து ஓட்டிய லைல் கோப், ஆர்டித் கையால் முட்டைக்கோஸும் மாட்டுக்கறியும் வைத்த பன்னை ஒன்பது வருடம் சாப்பிட்டபின், கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஆர்டித் சரி என்றார். நீதிபதிதான் முடியாது என்றார். வென்டல் செத்துவிட்டதாக அறிவிக்க வழியில்லை, போன மேயில்தான் நீதிபதியின் தொப்பியையே அவர் எடுத்துக்கொண்டு போனார். ஓடிப்போனதாகவும் சொல்ல முடியாது, வருடம் தவறாமல் வந்து போகிறார். விவாகரத்துப் பத்திரத்தில் அவரே கையெழுத்துப் போட வேண்டும் என்று தீர்ப்பானது.

அதனால் 2011 மே 26, வியாழக்கிழமை காலை, சனிக்கிழமை கல்யாணத்துக்குச் சொல்லிவைத்த கேக்கைக் கடையில் ஒருமுறை பார்த்துவிட்டு, மூன்று பேர் புயலைத் துரத்தப் புறப்பட்டார்கள். வண்டி, லைல் ஓய்வு பெற்றபோது ஏலத்தில் வாங்கிய பழைய பள்ளிப் பேருந்து. மூன்றாவது ஆள் பிலிஸ் யாண்ட்சன், மாவட்ட அலுவலகத்தின் நோட்டரி. முத்திரையை மடியில் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் இருப்பதுபோலவே முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“நெப்ராஸ்கா எல்லைக்கு இந்தப் பக்கம் பிடிச்சாகணும்” என்றார் பிலிஸ். “அந்தப் பக்கம் போயிட்டா என் முத்திரை செல்லாது, வெறும் ரப்பர்.”

நகரத்திலிருந்து புயல் துரத்த வந்தவர்கள், கூரையில் கம்பிகள் நட்ட வண்டிகளில், கணினியைப் பார்த்துக்கொண்டு தெற்கே பறந்தார்கள். அங்கே பெரிய மேகம் இருந்ததாம். எங்கள் ஊர்க்காரர்கள் வாசனையைப் பார்ப்பார்கள். வென்டலின் காற்று வந்தால் இரண்டு மைலுக்கு முன்பே அவர் பிடிக்கும் பைப் புகையிலை மணக்கும். பெட்ரோல் நிலையத்துப் பெண் மூக்கை உயர்த்தி மேற்கே கை காட்டினாள். பன்னிரண்டரைக்கு ஆலங்கட்டி விழுந்தது. ஒன்றேகாலுக்கு அடிவானத்தில் காற்று தெரிந்தது, பழுப்பாக, மெலிந்து, அவசரமில்லாமல்.

சிக்கல் லைல்தான். பேருந்து ஓட்டிய முப்பத்தொரு வருடத்தில் அவர் யாரையும் முந்தியதில்லை. பள்ளிப் பேருந்து விதிப்படி ஒவ்வொரு ரயில் பாதைக்கு முன்னாலும் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, கதவை மூடி, அதன்பிறகே கடந்தார்.

“லைல், அது முப்பது மைல்ல போகுது. நீ இருபத்தெட்டுல போற. எந்த ஜென்மத்துல பிடிக்கிறது?”

“மண் ரோடு, ஆர்டித். பள்ளம் இருக்கும்.”

“இந்தத் தண்டவாளத்துல ரயில் வந்து பதினாறு வருஷம் ஆச்சு!”

“அப்போ எந்த நேரமும் வரலாம்” என்று சொல்லிவிட்டு லைல் மறுபடி இரண்டு பக்கமும் பார்த்தார்.

மூன்றரை மணிவரை காற்று முன்னால் போனது, பேருந்து பின்னால் போனது. எல்லைக்கு நான்கு மைல் இருக்கும்போது ஆர்டித் பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் திட்டினால் லைலுக்குக் கவலையில்லை. பேசாமல் இருந்தது அவரை என்னவோ செய்தது. அந்த நேரம் பார்த்து மெர்ல் டைட்ஸ் என்பவரின் மேய்ச்சல் நிலத்தில், மாடுகள் தண்ணீர் குடிக்கும் இரும்புத் தொட்டியைத் தூக்குவதற்காகக் காற்று நின்றது. தொட்டி கனம், இரண்டு மூன்று முறை முயன்றது. லைல் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை முந்தினார். குறுக்குச் சாலையில் பேருந்தை நிறுத்தி, சிவப்பு விளக்குகளைப் போட்டு, பக்கவாட்டில் மடிந்திருந்த ‘நில்’ பலகையை வெளியே நீட்டினார்.

பள்ளிப் பேருந்து அந்தப் பலகையை நீட்டினால் எந்த வண்டியும் நகரக்கூடாது. அந்தக் காற்று இந்தச் சமவெளியிலேயே பிறந்து வளர்ந்தது, சட்டம் அதற்குத் தெரியும். இருபதடி தள்ளி வந்து நின்று, நின்ற இடத்திலேயே சுற்றியது.

ஆர்டித் இறங்கினார். தலைமுடி முழுக்க மேல்நோக்கி நின்றது. வென்டல் வந்தார்.

“ஆர்டித்! இளைச்சுட்டியே!” என்று சொல்லியபடி போனார்.

“கையெழுத்து வேணும் வென்டல்! நான் லைலைக் கட்டிக்கப் போறேன்!”

ஒரு சுற்று.

“எந்த லைல்? ரயில் பாதைக்கு முன்னால நிறுத்தி நிறுத்திப் பார்ப்பானே, அவனா?”

“அவன்தான்!”

ஒரு சுற்று.

“நல்ல ஆளு!”

பத்திரத்தை ஆர்டித் கைவிட்டார், காற்று எடுத்துக்கொண்டது. எழுத்து தெரியவில்லை என்று வென்டல் சொன்னதால், இறங்கி வந்திருந்த பிலிஸின் கண்ணாடியும் மேலே போனது. வென்டல் எப்போதும்போல ஒவ்வொரு வரியாக, உதட்டை அசைத்துப் படித்தார். பதினொரு பக்கம். காற்றுக்குப் பின்னால் இரண்டு லாரிகளும், தொட்டியைத் தேடி வந்த மெர்லுடைய வண்டியும் வரிசையாக நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

“வென்டல், ஓட்டுநர் உரிமத்தைக் காட்டுங்க!” என்று பிலிஸ் கத்தினார். அது விழுந்ததும் எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். “இது தொண்ணூத்தொண்ணுலயே முடிஞ்சுபோச்சு. செல்லாது. அவரை நேர்ல தெரிஞ்ச, இதுல சம்பந்தமில்லாத ஒருத்தர் சொல்லணும்.”

மெர்ல் வண்டியிலிருந்து தலையை நீட்டினார். “அவன்தாம்மா. என் தொட்டியைப் பாருங்க, அவன் தலைக்கு மேலதான் சுத்துது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

வென்டல் கையெழுத்துப் போட்டார். பத்திரம் இறங்கி வந்து பிலிஸின் கையில் விழுந்தது, அவர் முத்திரை குத்தினார். வேலை முடிந்தது, ஆனால் ஆர்டித் நகரவில்லை.

“இருபத்திரெண்டு வருஷம்” என்றார். கத்தவில்லை, ஆனாலும் கேட்டது. “ஒரு தடவை இறங்கி வந்திருக்கலாமே.”

வென்டல் ஒரு சுற்று போனார். இரண்டாவது சுற்றும் போனார். மூன்றாவதில்,

“நீ ஒரு தடவைகூடக் கூப்பிடலையே, ஆர்டித்.”

லைல் பேருந்துப் படியில் நின்றார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. பிறகு ஆர்டித் நிமிர்ந்து, “இப்போ கூப்பிடறேன். இறங்கி வா. சனிக்கிழமை கல்யாணம், சாப்பாடு இருக்கு” என்றார்.

வென்டல் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். “வரலாம்தான்” என்றார். அடுத்த சுற்றில், “ஆனா நெப்ராஸ்காவுல எனக்காகக் காத்திருப்பாங்க. மழை பத்திக் கேப்பாங்க” என்றார்.

லைல் பலகையை மடக்கினார். காற்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தது. பிலிஸின் கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை.

சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. பதிவுப் படிவத்தில் முதல் கணவரின் முகவரி கேட்கும் இடத்தில் பிலிஸ், “உயிரோடு இருக்கிறார், வடகிழக்கு நோக்கி” என்று எழுதினார். இரண்டு வாரம் கழித்துத் தலைநகரிலிருந்து படிவம் திரும்பி வந்தது. நிரந்தர முகவரியா, தற்காலிக முகவரியா என்பது குறிப்பிடப்படவில்லை என்றது உடனிருந்த தாள். பிலிஸ் பள்ளிச் சமையலறைக்குத் தொலைபேசியில் கேட்டார். ஆர்டித் கையைத் துடைத்துக்கொண்டார். நிரந்தரம் என்றே போடச் சொன்னார்.